50-ஐத் தாண்டினா 'ஊஊங்'னு ஒரு சத்தம்: பேரிங்கா, டயரா?

நீலக்குதிரை:
ஹேட்ச்பேக் கார், முன்சக்கர இழுவை, 62,000 கி.மீ. ஓடியிருக்கு. டயர் நாலும் 38,000 ஓடினது, 185/65 ஆர்15. ரெண்டு மாசமா 50 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் 'ஊஊங்'னு ஒரு சத்தம் கிளம்புது. 70, 80-ல உச்சம். 100-ஐத் தாண்டினா குறைஞ்ச மாதிரி தோணுது. ஸ்டியரிங்கை லேசா இடப்பக்கம் ஒடிச்சா கூடுது, வலப்பக்கம் ஒடிச்சா அடங்குது. ஒர்க்‌ஷாப்ல ஒரு ரவுண்டு ஓட்டிட்டு, இறங்கும்போதே "முன்னாடி வலது வீல் பேரிங், மாத்திடலாம்"னு சொல்லிட்டாங்க (சக்கரம் உரசாம சுத்துறதுக்கு உள்ள இருக்குற, குண்டு வச்ச வளையம்). வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிக்கூடப் பார்க்கலை. அதான் எனக்கு இடிக்குது. மாத்தட்டுமா?

கிரீஸ்கை:
மாத்துங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு? இடப்பக்கம் திருப்பினா பாரம் வலப்பக்கம் சாயும், வலது பேரிங் கத்தும். முப்பது வருஷமா இதே கையால பேரிங் கழட்டி மாட்டுறேன். தூக்கிப் பார்க்காமலே சொன்னார்னா அவருக்குக் காது இருக்குன்னு அர்த்தம்.

மூணாம்கியர்:
என் வண்டியிலயும் சத்தம் வந்துச்சு, சிவி ஜாயின்ட் (இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்துற ஆக்சில் மூட்டு) போயிருந்தது. அதையும் பாருங்க.

கிரீஸ்கை:
சிவி ஜாயின்ட் 'டக்டக்டக்'னு அடிக்கும். அதுவும் ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது. அதை மூடியிருக்குற ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் சிதறியிருக்கும், குனிஞ்சு பார்த்தாலே தெரியும். ஊங்குறதுக்கும் டக்டக்குக்கும் வித்தியாசம் தெரியாம ஏன் தம்பி நடுவுல வர்றீங்க?

அலைவரிசை:
கிரீஸ்கை அண்ணே, சிவி ஜாயின்ட் விஷயத்துல உங்க பக்கம்தான். ஆனா பேரிங்னு முடிவு கட்டினதை ஒத்துக்க மாட்டேன். இடப்பக்கம் திருப்பினா பாரம் வலப்பக்கம் ஏறுது, சரி. அந்தப் பாரம் பேரிங் மேல மட்டுமா ஏறுது? அதே பக்கத்து டயரும்தானே தரையில அழுந்துது? வலது டயர் ஒழுங்கில்லாம தேஞ்சிருந்தாலும் இடப்பக்கம் திருப்பும்போதுதான் கூடுதலாக் கத்தும். அந்த ஸ்டியரிங் சோதனை 'வலப்பக்கம்'னு சொல்லுது, அவ்வளவுதான். பேரிங்கா டயரான்னும் சொல்லாது, முன்னாடியா பின்னாடியான்னும் சொல்லாது. சத்தம் பாடி வழியா ஓடி வர்றதால, பின்சக்கரத்துச் சத்தம் டிரைவர் காலடியில கேக்குற மாதிரி தோணுறதும் உண்டு.

நீலக்குதிரை, காசு செலவில்லாத மூணு வேலை சொல்றேன். ஒண்ணு: 70-ல போகும்போது அஞ்சாவது கியர்ல இருந்து நாலாவதுக்கு மாத்துங்க. சுருதி ஏறலைன்னா இன்ஜின் கணக்குல இருந்து கழண்டுச்சு. நியூட்ரல்ல ஒரு நிமிஷம் உருளவிட்டா இன்னும் தெளிவு. ஆளில்லாத நேரான ரோட்டுல மட்டும், சாவியை அணைக்காம. ரெண்டு: வழவழப்பான புது ரோட்டுலயும் சொரசொரப்பான ரோட்டுலயும் ஒரே வேகத்துல ஓட்டிப் பாருங்க. பேரிங்குக்கு ரோடு எதுன்னு தெரியாது. டயருக்குத் தெரியும். மூணு: முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாத்திப் போடுங்க. சத்தம் கூடவே இடம் மாறினா டயர், அங்கேயே உட்கார்ந்திருந்தா பேரிங். டயர்ல சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தா அதே பக்கத்துக்குள்ள மட்டும் மாத்துங்க.

கிரீஸ்கை:
நல்லா வகுப்பு எடுக்கறீங்க. நான் கேக்குறது ஒண்ணுதான். டயர்னு நினைச்சு ஒரு மாசம் இழுத்தடிச்சு, கடைசியில பேரிங்னு தெரிஞ்சா? பிளே (ஆட்டம்) வந்த பேரிங்கோட, சக்கரம் மாட்டுற ஹப் ஆடும், பிரேக் டிஸ்க் ஆடும். நிறைய வண்டியில ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்குறது) சென்சார் படிக்கிற வளையமே பேரிங்லதான் இருக்கு, அந்த லைட்டும் எரியும். தேஞ்ச டயர் சத்தம் போட்டா காது வலிக்கும், பேரிங் விட்டுப்போனா சக்கரமே விட்டுப்போகும். தப்பு பண்றதா இருந்தா எந்தப் பக்கம் பண்ணணும்னு யோசிங்க.

அலைவரிசை:
இந்த வாதத்துல நியாயம் இருக்கு அண்ணே. ஆனா சும்மா பேரிங் மாத்துறதும் ஆபத்தில்லாத வேலை இல்லையே. நிறைய வண்டியில முன் பேரிங், நக்கிள்ல (சக்கரத்தைத் தாங்குற பாகம்) பிரஸ் பண்ணி இறக்குறது. வெளி வளையத்துல அழுத்தவேண்டியதை உள் வளையத்துல அழுத்திட்டா, பால் எல்லாம் ஓடுபாதையில பள்ளம் போட்டுடும். நல்லா இருந்த பேரிங்கைக் கழட்டி எறிஞ்சிட்டு, முதல் நாளே ஊங்குற புதுசை மாட்டினதா ஆகும்.

கிரீஸ்கை:
பிரஸ் பண்ணத் தெரியாதவன் கையில கொடுத்தா அப்படித்தான். அது பேரிங் மேல தப்பில்லை.

பின்சீட்டுக்காரன்:
ரெண்டு பேரும் சண்டை போடுறதுக்கு முன்னாடி, இந்த 'ஊஊங்' என்னன்னு அவரைக் கேளுங்க. வண்டு மாதிரி ரீங்காரமா? நாய் மாதிரி உறுமலா? மாவு மில்லு மாதிரி 'கொரகொர'வா? ஒரு வாரமா 'கடகட'ன்னு ஏதோ ஆடுதுன்னு நண்பர் ஒருத்தரைச் சஸ்பென்ஷன் முழுக்க நானே கழட்ட வச்சேன். கடைசியில அது சீட்டுக்கு அடியில உருண்ட தண்ணி பாட்டில். 'கடகட' இல்ல, 'கொடகொட'. அன்னிக்கே சரியாச் சொல்லியிருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை மிஞ்சியிருக்கும்.

நீலக்குதிரை:
ரீங்காரம்தான், கொஞ்சம் விட்டுவிட்டு. 'ஊங்-ஊங்-ஊங்'னு அலையடிக்குற மாதிரி. கொரகொரப்பு இல்ல. கியர் மாத்திப் பார்த்தேன், சுருதி அசையலை. நியூட்ரல்லயும் அப்படியே. புதுசா தார் போட்ட ரோட்டுல பாதியாக் குறைஞ்சது, பழைய ரோட்டுல ஏறிடுச்சு.

கிரீஸ்கை:
பழைய ரோட்டுல எல்லாச் சத்தமும்தான் ஏறும். புது ரோட்டுல முழுசா நின்னுச்சா? இல்லையே. மிச்சப் பாதி யாரு?

அலைவரிசை:
சரி, அளந்துடுவோம். போன்ல சத்தத்தோட அதிர்வெண்ணை (ஹெர்ட்ஸ்) வரைபடமாக் காட்டுற ஆப் எத்தனையோ இருக்கு. 72-ல நிதானமா ஓட்டும்போது பக்கத்து சீட்டுல இருக்கறவரைப் பதிவு பண்ணச் சொல்லுங்க. ஏன் 72-ன்னா, அது நொடிக்கு சரியா 20 மீட்டர். உங்க டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் உருளும். ஆக நொடிக்குப் பத்தரை சுத்து. எந்த ஹெர்ட்ஸ்ல மேடு வருதோ அதைப் பத்தரையால வகுத்தா, ஒரு சுத்துக்கு எத்தனை தடவை அந்த 'ஊங்' பிறக்குதுன்னு தெரிஞ்சிடும்.

கிரீஸ்கை:
அடடா. இனிமே ஸ்பேனருக்குப் பதிலா கால்குலேட்டர் எடுத்துட்டுப் போகணும் போல.

நீலக்குதிரை:
பதிவு பண்ணோம். ரெண்டு மேடு தெரியுது. ஒண்ணு 68-க்குப் பக்கத்துல, சின்னது. இன்னொண்ணு 230, பெருசு.

கிரீஸ்கை:
அந்த 68 பேரிங்கா இருக்கக் கூடாதா? சொல்லுங்க தம்பி.

அலைவரிசை:
அஞ்சாவது கியர்ல 72-ல ஓடும்போது இன்ஜின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,000 தடவை சுத்தும். நாலு சிலிண்டர்னா ஒரு சுத்துக்கு ரெண்டு வெடிப்பு, நொடிக்கு 67. அது இன்ஜின் மூச்சு. பேரிங்கோட வெளி வளையம் அடிவாங்கியிருந்தாலும், ஒரு வரிசைக்கு 13 பால்னு வச்சா, 57-க்குப் பக்கத்துல வரும்கிறதை மறைக்கலை. ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்கறதாலதான் நியூட்ரல்ல பார்க்கச் சொன்னேன். போதாததுக்கு போன் மைக் பேச்சைப் பிடிக்கறதுக்குச் செஞ்சது, அவ்வளவு கீழ நம்ப முடியாது.

230-தான் எனக்கு வேணும். பத்தரையால வகுத்தா 22. சுத்தளவு 190 செ.மீ., அதுல 22 பங்கு போட்டா எட்டரை செ.மீ.க்கு ஒண்ணு. டயர்ல எட்டரை செ.மீ.க்கு ஒரு குழி விழுந்திருக்கு. ஷாக் அப்சார்பர் தளர்ந்து சக்கரம் தத்தித் தத்தி ஓடினா இந்த மாதிரிதான் டயர் மேல இருக்குற ரப்பர் பட்டன் தேயும். பந்தயம்.

பின்சீட்டுக்காரன்:
பந்தயம் கட்டறதுக்கு முன்னாடி: பேரிங் 57-ன்னா அதோட நாலு மடங்கு 228. பல்லு போன பேரிங் மடங்கு மடங்காத்தான் கத்தும்.

அலைவரிசை:
...அது சரிதான். அதை நான் யோசிக்கலை.

கிரீஸ்கை:
கால்குலேட்டரை வச்சிட்டு ஜாக்கியை எடுங்க. நீலக்குதிரை, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க, பின்பக்கத்தைத் தூக்குங்க, ஸ்டாண்ட் வைங்க. வெறும் ஜாக்கியை நம்பி அடியில தலையை விடாதீங்க. பிறகு முன்பக்கம் வந்து அதே மாதிரி, பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கியர் நியூட்ரல்ல. சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, பிளே இருந்தா கையில தெரியும். ஒரு கையால சக்கரத்தைச் சுத்தி, இன்னொரு கையை காயில் ஸ்பிரிங் மேல வைங்க. பேரிங் போயிருந்தா மணல் அரைக்குற மாதிரி ஸ்பிரிங்ல தெரியும். இன்ஜினை ஆன் பண்ணி சக்கரத்தைச் சுத்த விடாதீங்க. தொங்குற நிலையில ஆக்சில் கோணம் மாறி, நல்ல சிவி ஜாயின்டே சத்தம் போட்டு ஏமாத்தும். பின்னாடி தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கிடுங்க.

அலைவரிசை:
இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்லை. கூடவே டயரை உள்ளங்கையால முன்னுக்கும் பின்னுக்கும் தடவிப் பாருங்க. கண்ணை விட கை நல்லாச் சொல்லும். உள்பக்க ஓரத்தையும் விடாதீங்க, வெளியில இருந்து அது தெரியாது.

நீலக்குதிரை:
இன்னிக்கு முழுக்க இதே வேலைதான். முன் ரெண்டு சக்கரமும் வெண்ணெய் மாதிரி சுத்துது, பிளே இல்ல, ஸ்பிரிங்ல கை வச்சா ஒரு சலனமும் இல்ல. பின் வலது டயரோட உள் ஓரத்தைத் தடவினதும் கை படிக்கட்டு ஏறி இறங்குற மாதிரி இருந்துச்சு. சாக்பீஸால ஒவ்வொரு குழியிலயும் கோடு போட்டு எண்ணினேன். 21. ஒண்ணை விட்டிருக்கலாம். அந்தப் பக்கத்து ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிஞ்சு தூசி ஒட்டிக் கறுப்பா இருக்கு.

கிரீஸ்கை:
முன் வலது பேரிங் இல்ல, ஒத்துக்கறேன். என் காதும் அந்த ஒர்க்‌ஷாப்காரர் காதும் ஒரே மாதிரி ஏமாந்திருக்கு. ஷாக் மாத்துறப்ப ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க, ஜோடியா. டயரை அதுக்கப்புறம் போடுங்க, இல்லாட்டி புது டயரும் இதே கதியாகும். பின் சக்கர அலைன்மென்ட்டையும் (சக்கரம் நிக்குற கோணம்) பார்க்கச் சொல்லுங்க, உள் ஓரம் மட்டும் தேஞ்சிருக்குன்னா சும்மா இல்ல. சரி, பின் வலது சக்கரத்தைச் சுத்தினீங்களா?

நீலக்குதிரை:
சுத்தினேன். லேசா உரசுச்சு.

அலைவரிசை:
டிரம் பிரேக்தானே? ஹேண்ட் பிரேக் கேபிள் இழுவையா இருந்தா லைனிங் தொட்டுக்கிட்டே இருக்கும். பேரிங்னு சொல்ல முடியாது.

கிரீஸ்கை:
இல்லைன்னும் சொல்ல முடியாது.

நீலக்குதிரை:
கேபிளைத் தளர்த்திட்டு ஷாக் வேலையோட சேர்த்து இன்னொரு தடவை சுத்திப் பார்த்துச் சொல்றேன். இப்போதைக்கு முன்-பின் டயரை மாத்திப் போட்டு ஓட்டினேன். பின்னாடி உட்கார்ந்திருந்த தம்பி "சத்தம் சுத்தமா நின்னுடுச்சு"ன்னான். எனக்கு இப்போ நேரா கால் பக்கத்துல கத்துது.