பெயர்ச்சி வரைபடத்தில் நடுவில் பள்ளம் விழுகிறது, எங்கே பிசகு?

மூன்றாமாண்டு_மாணவி:
வணக்கம். நாளை மாலை செயல்திட்ட அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். ஒரு நிலப் பிளவு நெடுக, அதன் ஒருபக்கப் பாறை மறுபக்கத்தைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற செங்குத்துப் பெயர்ச்சியை அளந்து வரைந்தேன். நடுவில் உச்சமும் இரு முனைகளில் பூஜ்யமும் வரும் என்றுதான் படித்திருக்கிறேன். எனக்கோ இரண்டு மேடுகளும் நடுவில் ஒரு பள்ளமும் வருகின்றன. நீளத்தோடு ஒப்பிட்டால் பெயர்ச்சி எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. எங்கே தவறு? அவசரம்.

வரைபடப்பிரியன்:
எந்த ஊர், எந்தத் தரவு, பிளவின் நீளம் எவ்வளவு? இவை தெரியாமல் என்ன சொல்வது?

கரிசல்மண்:
உயரம் அடியிலும் நீளம் மீட்டரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நானே ஒருமுறை இதில் சறுக்கியிருக்கிறேன்.

செங்குன்று:
அலகு மாறினால் வரைபடம் மொத்தமாக உயரும் அல்லது தாழும். நடுவில் மட்டும் பள்ளம் விழாது.

மூன்றாமாண்டு_மாணவி:
மன்னிக்கவும். அமெரிக்காவின் யூட்டா, கேனியன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா, நீடில்ஸ் பகுதியின் கிராபென்களில், அதாவது இரு பிளவுகளுக்கு நடுவே நிலம் இறங்கி உண்டான நீண்ட பள்ளங்களில், ஒன்றின் ஓரப் பிளவு. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த உயரத் தரவு. எல்லாம் மீட்டர்தான்.

செங்குன்று:
அப்படியானால் வண்டல்தான் காரணம். அந்தக் கிராபென்களின் தரையை மணல் மூடியிருக்கிறது. வெளியே தெரியும் சுவரை மட்டும் அளந்தால் புதைந்த பெயர்ச்சி விடுபட்டுவிடும்.

மூத்தபாறை:
அடிப்படையைப் படிக்காமல் அளக்க உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். நடுவில் ஓடுவது ஒரே கோடுதானா? விண்ணிலிருந்து எடுத்த படத்தை ஒருமுறையாவது உற்றுப் பார்த்தீர்களா?

நெய்தல்:
கேள்வி சரியானது, கேட்ட விதம் வேண்டாம் ஐயா. தங்கையே, உங்கள் வரைபடம் தவறில்லை என்றே நினைக்கிறேன். பெரிய பிளவு பெரும்பாலும் ஒரே கோடாகப் பிறப்பதில்லை. துண்டு துண்டாகத் தொடங்கி நீள்கிறது. இரண்டு துண்டுகளின் முனைகள் ஒன்றையொன்று கடந்து பக்கத்தில் ஓடும்போது, ஒன்றின் அருகே தகைவு, அதாவது பாறையின் உள்ளிறுக்கம், தளர்ந்திருப்பதால் மற்றது மேலும் நீளத் திணறும். நீளாமலே பெயர்ச்சி கூடும். அதனால்தான் அந்த முனைகளில் வரைபடம் சட்டென்று சரிகிறது. இடையில் அகப்பட்ட பாறை வளைந்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் சாய்தளமாகும். இதை ரிலே ராம்ப் என்பார்கள். வளைவு தாங்காமல் அது உடைந்ததும் இரண்டும் ஒன்றாகும். அப்போது நீளம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, பெயர்ச்சியோ பழையதே. பெயர்ச்சிக்கும் நீளத்துக்குமான விகிதம் பாதியாவது அதனால்தான். நடுப்பகுதி பிறகுதான் ஈடுகட்டும்.
இரண்டு கோடுகளும் பக்கத்தில் ஓடும் இடத்தில் இரண்டின் பெயர்ச்சியையும் கூட்டுங்கள், சாய்தளம் வளைந்து இறங்கிய உயரத்தையும் சேருங்கள்.

கரிசல்மண்:
துண்டுகள் நீண்டு சேர்கின்றன என்பது ஒரு கருத்துதான். நீளம் தொடக்கத்திலேயே விரைவில் முடிவாகி, பிறகு பெயர்ச்சி மட்டும் சேர்கிறது என்ற கருத்தும் உண்டு. ஆழத்தில் ஒரே பிளவாக இருந்து மேலே வரும்போது கிளைத்திருக்கலாம்.

மூத்தபாறை:
கேனியன்லாண்ட்ஸில் எந்த ஆழம்? உப்புப் படுகையின் மேல் சில நூறு மீட்டர் பாறை கொலராடோ ஆற்றை நோக்கி நகர்கிறது. உப்பு உடையாமல் இளகி நகரும், பிளவுகள் அதற்குமேல்தான். உங்கள் கருத்தை வேறு இடத்தில் பொருத்துங்கள்.

வரைபடப்பிரியன்:
துண்டுகள் சேருமா என்பதில்தான் நிலநடுக்கத்தின் அளவே இருக்கிறது. 1992 ஜூன் 28 அன்று கலிபோர்னியாவின் லேண்டர்ஸில் தனித்தனி என்று கருதப்பட்ட பிளவுகள் தொடர்ந்து முறிந்து 7.3 அளவு நிலநடுக்கம் ஆனது. ஆனாலும் இரு பக்கமும் கிடையாக நழுவும் பக்கவாட்டுப் பிளவுகளில் துண்டுகளுக்கு இடையிலான இடைவெளி 3, 4 கிலோமீட்டரைத் தாண்டினால் முறிவு பெரும்பாலும் நின்றுவிடும்.

கரிசல்மண்:
அப்படியென்றால் 2016 நவம்பரில் நியூசிலாந்தின் கைகோராவில் நடந்தது என்ன? 7.8 அளவு, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பிளவுகள், அதைவிடப் பெரிய இடைவெளிகள்.

வரைபடப்பிரியன்:
அதனால்தான் "பெரும்பாலும்" என்று எழுதினேன். அங்கே ஒரே வகைப் பிளவு இல்லை, ஒருபக்கப் பாறை மறுபக்கத்தின் மேலேறும் பிளவுகளும் கலந்திருந்தன. ஒரே விதியை எல்லா இடத்துக்கும் நீட்டக் கூடாது.

நெய்தல்:
இதற்குத் தனி இழை தொடங்குங்கள். அந்தப் பெண்ணுக்கு நாளை கெடு.

மூன்றாமாண்டு_மாணவி:
பெரிதாக்கிப் பார்த்தேன், இரண்டு கோடுகள்தான். ஒன்றை மட்டுமே அளந்திருக்கிறேன். கூட்டியதும் பள்ளத்தில் பெரும்பகுதி நிரம்பிவிட்டது. மீதிக்கு வண்டல் பற்றி ஒரு பத்தி எழுதுகிறேன். நன்றி அண்ணா, நன்றி ஐயா.

செங்குன்று:
சாய்தளம் உடைந்திருக்கிறதா, முழுதாக நிற்கிறதா என்று சொல்லவில்லையே?