ஊர்ப் புல்வெளியை வீடு கட்ட விற்கப் போகிறார்கள். ஊரே சேர்ந்து வாங்க முடியுமா?

கேள்வி (ஆக்ஸ்போர்டுஷயரிலிருந்து)

வணக்கம். நாங்கள் இருப்பது ஆக்ஸ்போர்டுஷயரில் ஒரு சின்ன கிராமம். ஒரு தேவாலயம், ஒரு பப், பேருந்து நிறுத்தம், அதற்குப் பின்னால் நான்கு ஏக்கர் இருக்கும் ஒரு புல்வெளி. காலையில் நாயோடு நடப்பவர்கள், பள்ளி விட்டதும் பந்து விளையாடும் பிள்ளைகள், ஆகஸ்டில் வேலியோரம் பிளாக்பெர்ரி பறிக்க வருபவர்கள் என்று எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். என் மகள் சைக்கிள் பழகியதும் அங்கேதான். ஆனால் அது தனியார் நிலம். உரிமையாளரான பெரியவர் காலமாகிவிட்டார், வாரிசுகள் விற்க நினைக்கிறார்கள். யாரோ வந்து அளந்துவிட்டுப் போனார்களாம். கட்டட அனுமதிக்கு இன்னும் விண்ணப்பம் போகவில்லை.

பாரிஷ் கவுன்சில் (ஊர் மன்றம்) கூட்டத்தில் ஒருவர் எழுந்து "நாமே வாங்கிவிடலாமே" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உடனே ஒரு குழு போட்டு என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். வாரிசுகள் எங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் ஏதும் உண்டா? இணையத்தில் ஒரு நிதிப் பக்கம் திறந்தால் போதுமா? பணம் போதுமான அளவு சேராவிட்டால், தந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அப்புறம், ஊரில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான். வீடு வீடாகப் போய்ப் பணம் கேட்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் (கென்ட்டிலிருந்து, பொருளாளராக இருந்தவர்)

தங்கச்சி, எங்கள் ஊரில் இதே மாதிரி ஒரு நிலத்தை வாங்கியபோது கணக்கு வழக்கு முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. உங்கள் கடைசித் தயக்கத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். காசு சேருமா சேராதா என்பது அதில்தான் இருக்கிறது.

கதவைத் தட்டுங்கள். இணையப் பக்கமும் வேண்டும்தான், ஊரை விட்டுப் போன பழைய ஆட்கள் அதன் வழியாகத் தருவார்கள். ஆனால் எங்களுக்குப் பெரிய தொகைகள் எல்லாம் வாசலில் நின்று கதைத்த பிறகுதான் வந்தன. ஒவ்வொரு தெருவுக்கும் அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் ஒருவர் போகட்டும். உங்கள் தெருவுக்கு நீங்கள்தான் போக வேண்டும், வேறு யாரும் போய்ப் பயனில்லை. பல வருடமாக என்னோடு 'ஹலோ'வுக்கு மேல் கதைக்காத பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கு என்னை உள்ளே கூப்பிட்டு, 1970களில் அந்த வெளியில் நடந்த கிரிக்கெட் ஆட்டங்களின் படங்களைக் காட்டினார். கேட்டதும் காசோலை எழுதினார். அந்தப் படங்களையும் தந்தார், அவை பிறகு காசை விடவும் உதவின.

நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோயில் திருப்பணிக்குக் காசு சேர்த்த பழக்கத்தில், தந்தவர் பெயரையும் தொகையையும் பலகையில் எழுதலாம் என்று நான் சொன்னேன். குழுவில் இருந்த ஒரு பாட்டி தடுத்தார். தொகை வெளியே தெரிந்தால் குறைவாகத் தர முடிந்தவர்கள் ஒன்றுமே தராமல் ஒதுங்கிவிடுவார்கள் என்றார். அதனால் எத்தனை வீடுகள் சேர்ந்திருக்கின்றன என்று மட்டும் எழுதினோம். ஓய்வூதியத்தில் வாழ்பவர் ஐந்து பவுண்டு தந்தாலும் அவர் வீடு ஒரு வீடுதான்.

இப்போதே பணமாக வாங்காதீர்கள். "நிலம் நம் கைக்கு வரும் என்றால் நான் இவ்வளவு தருவேன்" என்று கையெழுத்திட்ட உறுதிச் சீட்டு வாங்குங்கள். எவ்வளவுக்கு விலை பேசலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ரொக்கமாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நிலம் கிடைக்காவிட்டால் பணம் என்ன ஆகும் என்பதை முதல் துண்டறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். திருப்பித் தருவீர்களா, ஊரில் வேறு பசுமைவெளிக்குச் செலவிடுவீர்களா? இதை எழுதாமல் தொடங்கிய குழுக்கள் பிறகு தந்தவர் ஒவ்வொருவரையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

தொண்டு நிறுவனமாகப் பதிவு செய்தால் கிஃப்ட் எய்ட் கிடைக்கும். இங்கே வருமான வரி கட்டுபவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது. தாயகத்தில் இருந்து உங்கள் அப்பா அம்மா அனுப்பும் பணத்துக்கு இது பொருந்தாது. இன்னொரு வழி, சமூக நலச் சங்கம் தொடங்கிப் பங்கு விற்பது. யார் எத்தனை பங்கு வாங்கினாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். ஆனால் பங்குக்குக் கிஃப்ட் எய்ட் இல்லை, ஒருநாள் பங்கைத் திருப்பிக் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். வருமானம் தராத புல்வெளிக்கு நன்கொடைதான் சரி என்பது என் கருத்து.

பற்றாக்குறைக்குப் பாரிஷ் கவுன்சில் அரசின் ஒப்புதல் பெற்றுப் பொதுப்பணிக் கடன் திட்டத்தில் (PWLB) கடன் வாங்கலாம். கவுன்சில் வரியோடு சேர்த்து வீடுகள்தான் பல வருடம் அடைக்க வேண்டும் என்பதால், ஊரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது. இணையத்தில் பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டுச் சமூக உடைமை நிதியை நம்பியிருக்காதீர்கள். 2021இல் அரசு தொடங்கிய அந்த நிதியை 2024 டிசம்பரில் மூடிவிட்டார்கள்.

விலை பேசுவதில் ஒரு வழி இருக்கிறது. வாரிசுகளின் பயம், இன்று மேய்ச்சல் நில விலைக்குக் கொடுத்துவிட்டால் நாளை நீங்கள் வீடு கட்டி லாபம் பார்த்துவிடுவீர்கள் என்பது. பத்திரத்தில் 'ஓவரேஜ்' என்று ஒரு நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். இத்தனை வருடத்துக்குள் கட்டட அனுமதி வந்தால் கூடும் மதிப்பில் இத்தனை சதவீதம் அவர்களுக்கு. நீங்கள் கட்டவே போவதில்லை, எழுதிக் கொடுப்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை. அதை எழுதிக் கொடுத்த பிறகுதான் எங்கள் நில உரிமையாளர் இறங்கி வந்தார். சுதந்திரமான மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையும் கையில் இருக்கட்டும்.

பதில் (கவுன்சில் திட்டமிடல் துறையில் வேலை செய்தவர்)

அண்ணா பணத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் சொல்வது சட்டத்தை. ஏதும் விண்ணப்பம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இந்த வாரமே தொடங்குங்கள்.

2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, அந்த நிலத்தைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பட்டியலில் சேர்க்க மாவட்டக் கவுன்சிலிடம் கேட்கலாம். பாரிஷ் கவுன்சிலே கேட்கலாம், அல்லது வாக்காளர் பட்டியலில் உள்ள உள்ளூர்க்காரர்கள் 21 பேர் சேர்ந்து கேட்கலாம். பட்டியலில் ஏறினால் ஐந்து வருடம் இருக்கும். அந்தச் சட்டப்படி, உரிமையாளர் விற்க முடிவெடுத்துத் தெரிவித்ததும் ஆறு வாரத்துக்குள் நீங்கள் விருப்பம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மொத்தம் ஆறு மாதம் வெளியாருக்கு விற்க முடியாது. அது உங்களுக்கு அவகாசம் தருகிறதே தவிர, உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அவகாசத்தை 12 மாதமாக்கி, முதலில் வாங்கும் உரிமையும் தரும் மசோதா 2025 ஜூலையில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. இன்று உங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்று கவுன்சிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட வலுவானது 'கிராமப் பசுமை'யாக, அதாவது வீடு கட்ட முடியாத ஊர்ப் பொதுவெளியாகப் பதிவு செய்வது. 2006ஆம் ஆண்டின் பொதுநிலச் சட்டம், பிரிவு 15. ஊர் மக்கள் 20 வருடம், வேலியை உடைக்காமல், ஒளிந்து நுழையாமல், அனுமதி கேட்காமல், விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படுத்தியிருந்தால் பதிவு கேட்கலாம். உங்கள் ஆக்ஸ்போர்டுஷயரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. சன்னிங்வெல் கிராமத்தில் தேவாலய நிலத்தில் வீடு கட்டப் பார்த்தபோது ஊர் மக்கள் வழக்காடி, 1999இல் பிரபுக்கள் சபையில் (அப்போது அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) வென்றார்கள். நாயோடு நடப்பதும் பிள்ளைகளோடு விளையாடுவதும் போதுமான பொழுதுபோக்கு என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

ஆனால் 2013க்குப் பிறகு ஒரு பூட்டு வந்துவிட்டது. கட்டட அனுமதி விண்ணப்பம் ஒன்று அறிவிக்கப்பட்டுவிட்டால், அது முடியும் வரை பதிவு கேட்கும் வாசல் மூடிக்கொள்ளும். அதனால் பழைய படங்கள், வயதானவர்களின் கையெழுத்திட்ட வாக்குமூலங்கள் எல்லாவற்றையும் இப்போதே சேகரியுங்கள். உரிமையாளர் எப்போதாவது 'அனுமதியுடன்' என்று பலகை வைத்திருந்தாரா என்றும் விசாரியுங்கள், அது வழக்கையே கவிழ்த்துவிடும். 1865இலிருந்து இயங்கும் ஓப்பன் ஸ்பேசஸ் சொசைட்டி இந்த விஷயத்தில் ஆலோசனை தருகிறது.

பதில் (ரெடிங்கிலிருந்து)

ஒரு மாற்றுக் கருத்து. வாடகை கட்ட முடியாமல் என் தம்பி குடும்பம் வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறது. ஒவ்வொரு ஊரும் இப்படித் தன் புல்வெளியைக் காப்பாற்றினால் வீடு எங்கேதான் கட்டுவார்கள்?

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. 21 பேருக்குக் காத்திருக்காமல் பாரிஷ் கவுன்சில் வழியாகவே பட்டியலுக்கு விண்ணப்பிக்கிறோம். தேவாலயப் பதிவேட்டைக் கவனிக்கும் பெரியவரிடம் பழைய படங்கள் இருக்கின்றனவாம். ரெடிங்கில் இருப்பவர் கேட்டது நியாயமான கேள்வி, எங்கள் கூட்டத்திலும் ஒரு இளம் தம்பதி அதையே கேட்டார்கள். அண்ணா, அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் (கென்ட்டிலிருந்து)

அவர்களைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். வீடு வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு பழைய பண்ணைக் கொட்டகை வளாகம் சும்மா கிடந்தது. அங்கே கட்டலாம், அதில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் இத்தனை வேண்டும் என்று எங்கள் அயலகத் திட்டத்தில் (Neighbourhood Plan, எங்கே என்ன கட்டலாம் என்று ஊரே எழுதும் திட்டம்) எழுதினோம். அதே திட்டத்தில் புல்வெளியை 'உள்ளூர்ப் பசுமைவெளி' என்றும் குறித்தோம். எதிர்த்தவர்களில் பாதிப் பேர் அதன் பிறகு எங்களோடு வந்தார்கள்.

வாங்கிய பிறகும் செலவு இருக்கிறது. புல் வெட்டக் கூலி, பொதுப் பொறுப்புக் காப்பீடு, பட்ட மரங்களை வெட்டுவது. குறைந்தது சில வருடச் செலவையும் இலக்குத் தொகையிலேயே சேர்த்துவிடுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் ஃபீல்ட்ஸ் இன் டிரஸ்ட் அமைப்போடு அர்ப்பணிப்புப் பத்திரம் போடுங்கள். 1925இலிருந்து விளையாட்டு வெளிகளைக் காக்கும் அமைப்பு அது. உங்களுக்குப் பின் வரும் குழுவுக்குப் பணமுடை வந்தாலும், அந்த அமைப்பின் சம்மதம் இல்லாமல் நிலத்தை விற்க முடியாது. உறுதிச் சீட்டுக்கு எங்கள் படிவம் இருக்கிறது, தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.