“வர்லன்னா வர்ல”: பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப்போன அனுபவங்கள்

தண்டையார்பேட்டை சித்தி

எண்ணூர் அக்கா, நீங்கள் கேட்டதை நேற்று ராத்திரி படித்தேன். மகள் ஒரு மாதமாக யாரிடமும் பேசுவதில்லை, டாக்டரிடம் போகலாம் என்றாலே கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். நாங்களும் இப்படித்தான் தவித்தோம். எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் அக்கா மகனுக்கு அப்போது 16 வயது, பிளஸ் ஒன். வீடு காசிமேட்டில். மாமா விசைப்படகில் போகிறவர், கடலுக்குப் போனால் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். பையனுக்குக் கேரம் என்றால் உயிர். தெருமுனை கிளப்பிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு அக்கா போய் இழுத்துவர வேண்டும். தீபாவளிக்கு அப்புறம் அவன் கிளப்புக்குப் போவது நின்றது. காசு சேர்த்து வாங்கிய ஸ்ட்ரைக்கரைத் தம்பியிடம் கொடுத்து, “நீயே வெச்சுக்கோ” என்றிருக்கிறான். பிள்ளை படிப்பில் இறங்கிவிட்டான் என்று அக்கா சந்தோஷப்பட்டாள். ஆசையாக வைத்திருந்த பொருளை இப்படித் தூக்கிக் கொடுப்பதைக் கவனிக்க வேண்டும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

அவன் அழுதிருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்கும். அவன் எரிந்து விழுந்தான். சாப்பிட வா என்றாலும் கோபம், ஃபேனை நிறுத்தினாலும் கோபம். காலையில் பள்ளிக்கூட நேரத்துக்குச் சரியாக வயிற்றுவலி. வஞ்சிரம் வறுத்தால் அடுப்படியிலேயே நிற்கிற பிள்ளை, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவான். வயசுக் கோளாறு என்று நாங்கள் விட்டுவிட்டோம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு சோகமாகத் தெரியாமல் எரிச்சலாகவும் தெரியலாம், இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் காட்டிவிட வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

செல்லை உடைத்தால் சரியாகிவிடுவான் என்றார் மாமா. பாட்டி ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்கு அழைத்துப்போய் மெழுகுவத்தி ஏற்றினார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவன் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தானாம். ஆனால் நாங்கள் அதோடு விட்டதுதான் தப்பு.

நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. பொங்கலுக்கு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, “உனக்கு டிப்ரஷன் மாதிரி இருக்குடா, டாக்டரைப் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டேன். “நான் இன்னா கீழ்ப்பாக்கம் கேசா?” என்று கேட்டுவிட்டு எழுந்தவன், அதற்கப்புறம் நான் போனால் மொட்டை மாடிக்குப் போய்விடுவான். எண்ணூர் அக்கா, அந்த வார்த்தையை அவன் எங்கே கற்றான்? நம் வீட்டில்தான். கீழ்ப்பாக்கத்தில் இருப்பது 1794-இல் ஆரம்பித்த மனநல மருத்துவமனை. எத்தனையோ பேரைத் தேற்றி அனுப்பியிருக்கும். அதை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை டாக்டர் என்றதும் பயப்படாமல் என்ன செய்யும்?

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அக்கா கொடுத்துவிட்ட புடவையோடு என் தையல் கடைக்கு வந்தான். கிளம்புகிறேன் என்றவனிடம், அளவு தப்பிய பிளவுஸ் ஒன்றைக் கொடுத்து, “இந்தத் தையலைக் கொஞ்சம் பிரிச்சுக் குடுடா” என்றேன். அவன் குனிந்து பிரித்துக்கொண்டிருந்தான், நான் மெஷினில் இருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அது அவனுக்குச் சுலபமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மனசைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. “நைட்டு தூக்கம் வருதாடா?” என்று மட்டும் கேட்டேன்.

“மூணு மணி ஆவுது சித்தி.”

“எத்தினி நாளா?”

“தெர்ல. ரொம்ப நாளா.”

அப்புறம் அவனாகவே சொன்னான். வகுப்பில் வாத்தியார் பேசுவது காதில் விழுகிறதாம், மண்டையில் ஏறுவதில்லையாம். கேரம் போர்டைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றுவதில்லையாம். ஸ்ட்ரைக்கர் ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மெஷினை நிறுத்திவிட்டு நேராகவே கேட்டேன்: “செத்துடலாம்னு தோணுதாடா?”

ரொம்ப நேரம் பேசவில்லை. “எப்பவாச்சும்” என்றான்.

கத்த வேண்டும் போல இருந்தது. அம்மாவை நினைச்சுப் பாருடா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. “சொன்னியே, அதுவே போதும்டா. நான் கூட இருக்கேன்” என்றேன். ஏதாவது செய்துகொள்ள முடிவு பண்ணியிருக்கிறாயா என்றும் கேட்டேன். இல்லை என்றான். இப்படிக் கேட்டு நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் எனக்கு இருந்தது. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, உள்ளே இருப்பதைச் சொல்ல வழிதான் கிடைக்கும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி.

“அம்மாகிட்ட மட்டும் இதை மறைக்க மாட்டேன். தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது” என்றேன். தலையாட்டினான். அங்கேயே உட்கார்ந்து 14416-க்குப் போன் போட்டோம். டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முதலில் நான் பேசினேன், பிறகு போனை அவனிடம் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தான்.

எந்த ஆஸ்பத்திரி என்பதை அவனையே சொல்லச் சொன்னேன். ஸ்டான்லி என்றான். “ஸ்டான்லின்னா ஜொரத்துக்குப் போறேன்னு சொல்லிக்கலாம்.” அவன் கணக்கு சரிதான். அங்கேயும் மனநலப் பிரிவு இருக்கிறது, வாசலில் நிற்பவனை யாரும் எதற்கு என்று கேட்கப்போவதில்லை.

திங்கட்கிழமை ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு நானும் அக்காவும் அவனும் பெஞ்சில் உட்கார்ந்தோம். கூட்டம். போயிடலாம் சித்தி என்று இரண்டு தடவை எழுந்தான். டாக்டர் முதலில் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை, கூடவே கவுன்சிலிங். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆரம்ப வாரங்களில் பிள்ளையைப் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள், மாத்திரையை அம்மா கையில் வைத்திருங்கள் என்றார். மாத்திரைக்கும் அங்கே காசில்லை.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் மாமா கரையில். செல்லை உடைப்பேன் என்றவர், ஒருமுறை டாக்டரிடம் கால் மணி நேரம் பேசிவிட்டு வந்து அக்காவிடம், “நான்தான் புரிஞ்சிக்கல” என்றாராம். அந்த இரண்டு மாதமும் அவர்தான் ஸ்டான்லிக்கு அழைத்துப்போனார். பையனுக்கு இன்னும் மோசமான நாள்கள் வருகின்றன. கிளப்புக்குப் போகிறான், சில நாள் வேடிக்கை மட்டும் பார்த்துவிட்டு வருகிறான்.

கொருக்குப்பேட்டை அப்பா

தங்கச்சி எழுதியதைப் படித்தேன். அவர் தவிர்த்த தப்பை நான் செய்தேன், அதனால் சொல்கிறேன். மகளுக்கு 15 வயது. ரத்தப் பரிசோதனை என்று பொய் சொல்லி ஆட்டோவில் கூட்டிப்போனேன். கிளினிக் போர்டில் மனநல மருத்துவர் என்று படித்துவிட்டாள். இறங்கவே இல்லை. ஆட்டோக்காரர் முன்னால் அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. அந்த இரண்டு மாதமும் அவளுக்கு வைத்தியம் இல்லாமல் போனது என் பொய்யால்தான்.

ஒருநாள் டியூஷனிலிருந்து பைக்கில் அழைத்து வரும்போது கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். சரக்கு வண்டி ஒன்று போனது, அடுத்ததற்காக நிற்கவைத்தார்கள். எங்கேயும் போக முடியாது. திரும்பிப் பார்க்காமலே, “அப்பா பொய் சொன்னது தப்பும்மா” என்றேன். பதில் இல்லை. கேட் திறந்த பிறகு, “இனிமே சொல்லிட்டுக் கூட்டிப் போ” என்றாள்.

ஆனால் தங்கச்சி போல நேராகக் கேட்க என்னால் முடியவில்லை. அப்பாவிடம் சில விஷயங்களைப் பெண் பிள்ளை சொல்லாது. காலேஜ் படிக்கிற பெரியம்மா மகளோடு அவளுக்கு நல்ல ஒட்டுதல். அந்தப் பெண் ஒரு ராத்திரி தங்கிப் பேசினாள். அப்போதுதான் தெரிந்தது: பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிடும், பின்னால் கல்யாணப் பேச்சில் இதை இழுப்பார்கள் என்பதுதான் அவள் பயம். 15 வயதில் கல்யாணப் பேச்சைப் பற்றிய பயம்! எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வந்தது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது என்று டாக்டரம்மா அவளிடம் எடுத்துச் சொன்னார். லேடி டாக்டர், யூனிஃபார்மில் வர மாட்டேன், அப்பா வெளியே உட்கார வேண்டும். அவள் கேட்ட மூன்றுக்கும் சரி என்றேன். இப்போது ஏழு மாதமாகப் போகிறோம். நான் வெளியேதான் உட்காருகிறேன்.

வியாசர்பாடி, 20 வயது

அந்தப் பிள்ளை இடத்தில் இருந்தவன் நான். பிளஸ் டூ படிக்கும்போது. கால்பந்து ஆடுவேன், திடீரென்று கிரவுண்டுக்குப் போக முடியவில்லை. “உனக்கு இன்னா கொற?” என்று வீட்டில் கேட்பார்கள். எனக்கே தெரியாத ஒன்றை நான் எப்படிச் சொல்ல?

பெரியவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நான் “வர்ல” என்று சொன்னது டாக்டர் வேண்டாம் என்று இல்லை. குளிக்க வேண்டும், சட்டை தேட வேண்டும், பஸ் ஏற வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், முன்பின் தெரியாதவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். படுக்கையிலிருந்து பார்த்தால் அது மலை மாதிரி தெரியும். அத்தனையையும் விளக்கத் தெம்பில்லாமல் ஒரே வார்த்தையில் வர்ல என்றேன்.

எங்கள் கால்பந்து மாஸ்டர் நாலு நாள் தொடர்ந்து வீட்டுக்கு வந்தார். அறிவுரை கிடையாது. அம்மா கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, என் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். ஐந்தாம் நாள், “நாளைக்கு லீவு போட்டுட்டேன், ரெண்டு பேரும் போலாம்” என்றார். காலையில் அவரே சட்டையை எடுத்துக் கொடுத்தார். வரிசையில் அவர் நின்றார், நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். தூக்கம், சாப்பாடு, படிப்பு என்று எனக்கு என்னென்ன ஆகிறது என்பதை முந்தின நாளே ஒரு பேப்பரில் எழுத வைத்திருந்தார். டாக்டரிடம் அதை நீட்டினேன். வாயைத் திறக்காமலே பாதி முடிந்தது.

தண்டையார்பேட்டை சித்தி

தம்பி, நீ எழுதியதை என் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

எண்ணூர் அக்கா, அவசரமானால் என்ன செய்வது என்று நீங்கள் திரும்பக் கேட்டதற்குப் பதில்: மகள் சாக வேண்டும் என்று சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, ஓ.பி. நேரம் வரட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். தற்கொலையைத் தடுக்கச் சென்னையில் 1986-இலிருந்து இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. அதையும் போனில் போட்டு வையுங்கள்.

இன்றைக்குத் தூக்கத்தைப் பற்றி மட்டும் கேட்டுப் பாருங்கள். வருகிறேன் என்று அவள் சொன்னால் என்றைக்கு என்று சொல்லுங்கள், நான் கடைக்கு லீவு விடுகிறேன். ஸ்டான்லியில் பழைய ஜெயில் ரோடு பக்கத்து வாசலில் நிற்பேன். வரிசையில் நான் நிற்கிறேன், நீங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.