ரெண்டாவது எடை மேடை வந்த அன்னிக்கு: சிங்கிள்டனோட எங்க அனுபவங்கள்

எடைமேடைக்காரன், கிருஷ்ணகிரி:

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலைக்கு எடை மேடை மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். மொழி சி++. மேடையோட இண்டிகேட்டர் (எடையைக் காட்டற பெட்டி) சீரியல் போர்ட் வழியா எடையை அனுப்பிக்கிட்டே இருக்கும். அதை வாங்கி, லோடு எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழிச்சு, சீட்டு அடிச்சுக் கொடுக்கணும். அவ்வளவுதான் வேலை.

ஒரே மேடை, ஒரே போர்ட். அதனால தராசு கிளாஸை சிங்கிள்டனா, அதாவது புரோகிராம் முழுக்க அதுல ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் இருக்கிற மாதிரி எழுதினேன். கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட்டை உருவாக்கற ஃபங்ஷன்) பிரைவேட், வெளிய இருந்து கூப்பிட முடியாது. உள்ளே ஒரு ஸ்டாட்டிக் பாயிண்டர், அந்த ஒரே ஆப்ஜெக்ட்டோட முகவரியை வச்சிருக்கும். முதல் தடவை கேட்கும்போது கொடுக்கிற போர்ட் பேரை வச்சு ஆப்ஜெக்ட்டை உருவாக்கும். அப்பறம் யார் கேட்டாலும் அதே பாயிண்டரைத் தரும். மூணு சீசன் ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு.

நாலாவது வருஷம் ஜூன் மாசம், தோத்தாபுரி வரத்து உச்சத்துல இருந்தப்ப, வண்டி வரிசை ரோடு வரைக்கும் நின்னுச்சு. ரெண்டாவது மேடை போட்டாங்க. நான் இன்னொரு ஸ்கிரீன் சேர்த்து, அதுல 'காம் 2'ன்னு போர்ட் பேர் கொடுத்தேன். கம்பைல் ஆச்சு, ஓடுச்சு, எடையும் காட்டுச்சு. ஆனா அந்த பாயிண்டர்ல ஏற்கெனவே முதல் மேடையோட ஆப்ஜெக்ட் உட்கார்ந்திருந்ததே! நான் கொடுத்த புதுப் பேரை அது பார்க்கவே இல்லை. ஒரு எர்ரர் கூட வரலை. ரெண்டு ஸ்கிரீனும் ஒரே மேடையோட எடையைக் காட்டிக்கிட்டு இருந்துச்சு.

கண்டுபிடிச்சது ஒரு விவசாயி. குட்டி யானையில காய் கொண்டு வந்தவர், சீட்டோட ஜன்னலுக்கு வந்து, "தம்பி, என் வண்டி பதினோரு டன் தாங்குமா?"ன்னு கேட்டார். பக்கத்து மேடையில அப்ப லாரி நின்னுக்கிட்டு இருந்துச்சு. அவர் பேசாம பணத்தை வாங்கிட்டுப் போயிருக்கலாம், போகலை. அந்த மனுஷனுக்கு நான் இன்னைக்கும் கடமைப்பட்டிருக்கேன். ரெண்டு மேடையிலும் ஒரே மாதிரி டிராக்டர் நின்னிருந்தா இது வெளியவே வந்திருக்காது. வருஷம் பூரா தோப்பைக் காத்தவருக்கு நூறு கிலோ, இருநூறு கிலோ சத்தமில்லாம போயிருக்கும். அன்னிக்கு ரெண்டாவது மேடையில அடிச்ச 43 சீட்டையும் ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம். காயெல்லாம் உள்ள போயாச்சு, மறு எடை போட வழியில்லை. காய் வந்த பெட்டிகளோட (கிரேட்) எண்ணிக்கையை வச்சு ஒவ்வொருத்தருக்கும் சரிபண்ணிக் கொடுத்தோம்.

தொழிற்சாலையில அப்ப ஒரு மேடைதான் இருந்துச்சு, வாஸ்தவம். ஒண்ணுக்கு மேல இருக்கவே கூடாதுன்னு கிளாஸுக்குள்ள பூட்டுப் போட்டது நான். இப்ப புரோகிராம் ஆரம்பிக்கிற மெயின் ஃபங்ஷன்லயே மேடைக்கு ஒரு தராசு ஆப்ஜெக்ட் உருவாக்கி, அந்தந்த ஸ்கிரீனுக்கு கன்ஸ்ட்ரக்டர் வழியா கொடுத்துடறேன். இதுல இன்னொரு நன்மை: நான் சொல்ற எண்ணைத் திருப்பித் தர்ற ஒரு போலித் தராசை எழுதி, வீட்டுல உட்கார்ந்தே எல்லாத்தையும் சோதிக்க முடியுது. முன்னாடி ஒவ்வொரு சோதனைக்கும் வண்டி எடுத்துக்கிட்டுப் போய், யாராவது மேடையில ஏறி நிக்கணும்.

தக்காளி மண்டி, பாலக்கோடு:

எனக்கு நேர்ந்தது வேற. மண்டி பில் மென்பொருள்ல லாகரை (நடக்கறதை ஃபைல்ல பதிவு பண்ற ஆப்ஜெக்ட்) ஸ்டாட்டிக் பாயிண்டரா வச்சு, நியூ போட்டு உருவாக்கியிருந்தேன். டெலீட் எங்கயும் இல்லை. புரோகிராம் முடிஞ்சா மெமரியை ஆபரேட்டிங் சிஸ்டமே எடுத்துக்கும்னு தைரியம். மெமரியை எடுத்துக்கிச்சு. ஆனா டிஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடற ஃபங்ஷன்) ஓடாததால பஃபர்ல, அதாவது தற்காலிக மெமரியில இருந்த கடைசி வரிகள் ஃபைலுக்குப் போகவே இல்லை. சாயங்காலம் முடிச்ச ஏலக் கணக்கோட கடைசிப் பதிவுகளைத்தான் தினமும் தேடிக்கிட்டு இருந்தேன்.

பாயிண்டரை எடுத்துட்டு, ஃபங்ஷனுக்குள்ள ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட்டா மாத்தினேன். வரிகள் வந்துச்சு. கூடவே வெளியேறும்போது கிராஷும் வந்துச்சு. இன்னொரு ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட்டோட டிஸ்ட்ரக்டர் லாகரைக் கூப்பிடுது, லாகர் அதுக்கு முன்னாடியே அழிஞ்சிருக்கு. முதல்ல கட்டி முடிச்சது கடைசியில அழியும். அதனால அந்த கிளாஸோட கன்ஸ்ட்ரக்டர்லயே லாகரை ஒரு தடவை கூப்பிட்டு வச்சேன், நின்னுடுச்சு. எங்க ஊர்ல கரண்ட் போனா எந்த டிஸ்ட்ரக்டரும் ஓடாதுங்கிறதால, பில் வரியை மட்டும் அப்பப்ப ஃபிளஷ் பண்ணி, பஃபர்ல தேங்காம வெளிய அனுப்பிடறேன்.

லேப் டீச்சர், தருமபுரி:

எடைமேடை சார், உங்க சீட்டுக் கதையை நாளைக்கு வகுப்புல சொல்லப் போறேன்.

எங்க பசங்க எழுதற சிங்கிள்டன்ல "பாயிண்டர் காலியா இருந்தா நியூ போடு"ன்னுதான் இருக்கும். நானும் வருஷக்கணக்கா அதைத்தான் போர்டுல எழுதினேன். ஒரு நாள் அந்தச் சோதனைக்கும் நியூவுக்கும் நடுவுல 10 மில்லிசெகண்ட் ஸ்லீப் வச்சு, ரெண்டு த்ரெட்ல (ஒரே புரோகிராமுக்குள்ள ஒரே நேரத்துல ஓடற ரெண்டு ஓட்டம்) ஓட்டச் சொன்னேன். கன்ஸ்ட்ரக்டர்ல இருந்த பிரிண்ட் ரெண்டு தடவை வந்துச்சு. ரெண்டு த்ரெட்டுமே பாயிண்டர் காலின்னு பார்த்திருக்கு. ஒரு பொண்ணு, "ஒரு நேரத்துல ஒரு த்ரெட்டை மட்டும் உள்ள விடற லாக் போட்டு, அதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை பாயிண்டரைப் பார்த்தா போதாதா மேம்?"னு கேட்டா. நல்ல கேள்வி. சாதாரண பாயிண்டர்ல அது போதாது, கன்ஸ்ட்ரக்டர் முடியறதுக்கு முன்னாடியே முகவரி பாயிண்டர்ல ஏறிடலாம். இன்னொரு த்ரெட் அரைகுறை ஆப்ஜெக்ட்டைத் தொட்டுடும். இதை 2004லயே சி++ நிபுணர்கள் ஸ்காட் மேயர்ஸும் ஆண்ட்ரே அலெக்ஸாண்ட்ரெஸ்குவும் விளக்கி எழுதியிருக்காங்க. சி++ 11 வந்ததுக்கப்பறம் ஃபங்ஷனுக்குள்ள இருக்கிற ஸ்டாட்டிக் ஒரே ஒரு தடவைதான் உருவாகும்னு மொழியே உறுதி கொடுக்குது. பாலக்கோட்டு நண்பர் செஞ்ச வழிதான் இதுக்கும்.

ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன் சார். லாகரையும் ஒவ்வொரு கன்ஸ்ட்ரக்டர் வழியா கொண்டு போகணுமா? அம்பது கிளாஸுக்கு அது வீண் சுமை.

எடைமேடைக்காரன், கிருஷ்ணகிரி:

இல்லைங்க மேடம், என் லாகரும் சிங்கிள்டன்தான். அது தப்பா எழுதினா எனக்குத்தான் கஷ்டம். தராசு தப்பாச் சொன்னா காய் போட்டவருக்கு நஷ்டம். அதனால தராசை மட்டும் கையில கொடுத்து அனுப்பறேன்.

போன சீசன்ல மூணாவது மேடையும் வந்துச்சு. மெயின்ல ஒரு வரி சேர்த்தேன். ஒண்ணுல லாரி, ஒண்ணுல டிராக்டர், ஒண்ணுல குட்டி யானைன்னு ஒரே நேரத்துல ஏத்தி நிறுத்தச் சொல்லி, மூணு ஸ்கிரீன்லயும் வேற வேற எண் வர்றதைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன்.