கிணற்றுத் தண்ணியில் ஈயம், கட்மியம் பார்க்க ஆய்வுகூடம் தெரியுமோ?

வணக்கம். பழைய பற்றரி உடைச்சு ஈயம் உருக்கின வளவு ஒன்றுக்குப் பக்கத்துக் கிணறுகளைப் பரிசோதிக்க வேணும். வழமையான நைத்திரேற்று, கோலிபோம் கிருமி அறிக்கை இதுக்கு உதவாது. யாழ்ப்பாணத்தில் ஐசிபி-எம்எஸ் கருவியில் (மிகச் சிறிதளவு உலோகத்தையும் அளக்கிற கருவி) பார்க்கிற இடம் இருக்கோ, கொழும்புக்குத்தான் அனுப்ப வேணுமோ? லீற்றருக்கு 1 மைக்கிரோகிராமுக்குக் கீழேயும் அளக்கக்கூடியதாக இருக்க வேணும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவே கட்மியத்துக்கு 3, ஈயத்துக்கு 10.

அமிலத்தில் கழுவின பிளாஸ்ரிக் போத்தலும், பிஎச் 2க்குக் கீழே இறக்கத் தூய நைத்திரிக் அமிலமும் ஆரிட்டையாவது கிடைக்குமோ? அமிலம் விடாட்டில் உலோகம் போத்தல் சுவரில் ஒட்டிவிடும், அறிக்கை பொய்யாகச் சுத்தமாக வரும். வடிக்கவும் கூடாது: எங்கட சுண்ணாம்புக்கல் தண்ணியில் ஈயம் பெரும்பாலும் துகளோடுதான் நிற்கும்.

அடுத்தது அந்தத் தண்ணி குடிக்கிற ஆக்களின்ர பரிசோதனை. இரத்தத்தில் கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றுகிற கழிவு) மட்டும் பார்த்து "சிறுநீரகம் நல்லம்" என்றால் நம்பேலாது. தொழிற்பாடு பாதியளவு குறையும்வரை அது சாதாரணமாகவே காட்டும். கட்மியம் முதலில் தாக்கிறது சிறுநீரகக் குழாய்களை. அதால் சிறுநீரில் கட்மியமும் ஆல்பா-1 மைக்ரோகுளோபுலினும் (குழாய் பழுதானால் சிறுநீரில் கூடுகிற புரதம்), இரத்தத்தில் ஈயமும் பார்க்க வேணும். அதேமாதிரிப் பார்க்கிற பீற்றா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் அமிலச் சிறுநீரில் சிதைஞ்சுபோகும், அது வேண்டாம். சுருட்டுக் குடிக்கிறவையைத் தனியாகக் குறிக்க வேணும், புகையிலையிலும் கட்மியம் இருக்கு.

இந்த மூன்று பரிசோதனையையும் செய்கிற இடமும் கட்டணமும் தெரிஞ்ச ஆக்கள் கீழே எழுதுங்கோ.