கோத்தகிரியிலிருந்து ஒரு படக்கதைத் தொடர்: முதல் இதழை எத்தனை பிரதிகள் அச்சிடலாம்?

கேள்வி: கோத்தகிரி கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். என் அத்தை மகன் குன்னூரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஓவியன். முத்து, லயன், ராணி காமிக்ஸ்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடிப் படித்து வளர்ந்த எங்கள் இருவருக்கும், நம் மலையைக் களமாகக் கொண்ட ஒரு தொடரை நாங்களே வெளியிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் நின்று பிரேக்கைக் கையாளும் ஊழியர்களில் ஒருவர்தான் எங்கள் நாயகர்; கதை நடக்கும் காலம் 1970களின் தொடக்கம். மொத்தம் ஆறு இதழ்கள் என்று திட்டமிட்டிருக்கிறோம். முதல் இதழின் 34 பக்கங்களும் கறுப்பு வெள்ளையில் மை போட்டு முடிந்துவிட்டன. இரண்டாம் இதழ் பென்சில் கோட்டில் நிற்கிறது. மற்ற நான்கும் கதைச்சுருக்கமாக என் நோட்டில் இருக்கின்றன.

இருவர் கையிலும் சேர்த்து 60,000 ரூபாய் இருக்கிறது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் விசாரித்தபோது, 1000 பிரதிகள் அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை, கோவையில் டிஜிட்டல் முறையில் 200 பிரதிகள் அடிக்கும்போது ஆவதில் பாதிகூட வராது என்றார்கள். கணக்கு எழுதுகிறவன் என்பதால் அந்த வேறுபாடு என்னை மிகவும் இழுக்கிறது. ஆனால் 1000 பிரதிகளையும் வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்களா என்று தெரியாமல் சேமிப்பு முழுவதையும் போடவும் தயக்கமாக இருக்கிறது. எத்தனை பிரதிகள் அடிக்கலாம், அச்சுக்குக் கொடுக்கும் முன் எவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன். மூன்று பக்கங்களை இங்கே இணைத்திருக்கிறேன்.

பதில் 1: அச்சக மூத்தவர், குன்னூர்

தம்பி, சிவகாசியிலும் கோவையிலும் முப்பது ஆண்டுகள் ஆஃப்செட் எந்திரத்தின் பக்கத்தில் நின்றவன் நான். முதலில் அந்த 34 என்ற எண்ணைச் சரிசெய்யுங்கள். சென்டர் பின், அதாவது நடு மடிப்பில் கம்பி பின், அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வர முடியும். காகிதம் வீணாகாமல் இருக்க வேண்டுமானால் பதினாறின் மடங்காக வருவது நல்லது. 20க்கு 30 அங்குல டபுள் கிரௌன் தாளில், கிரௌன் நாலில் ஒன்று அளவில், ஒரு தாளுக்கு எட்டு இலைகள், அதாவது 16 பக்கங்கள் கிடைக்கும். ஆகவே 32 பக்கங்களுக்கு ஒரு பிரதிக்குச் சரியாக இரண்டு தாள்கள் போதும். 1000 பிரதிகளுக்கு 2000 தாள்கள், அதாவது நான்கு ரீம், அதற்கு மேல் கழிவுக்குக் கொஞ்சம். நீங்கள் 34 பக்கம் என்று போய் நின்றால் 36 பக்கமாக்கி, இரண்டு வெற்றுப் பக்கங்களுக்கும் ஓர் அரைகுறை ஃபாரத்துக்கும் (ஒரு தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) சேர்த்துக் காசு வாங்குவார்கள். மிஞ்சும் இரண்டு பக்கங்களை ராப்பரின், அதாவது மேலட்டையின், இரு உட்பக்கங்களில் வைத்துவிடலாம். அங்கே கறுப்பு மட்டும் அடித்தால் போதும்.

ஆயிரம் அடித்தால் மலிவு என்பதன் காரணத்தையும் புரிந்துகொள்ளுங்கள். பிளேட் எனப்படும் அச்சுத் தகட்டின் செலவும், எந்திரத்தில் ஏற்றிச் சரிசெய்யும் கூலியும் நூறு பிரதிகளுக்கும் ஆயிரம் பிரதிகளுக்கும் ஒன்றுதான். முழுத்தாள் எந்திரத்தில் உங்கள் 32 பக்கங்களுக்குக் கறுப்பு வெள்ளையில் நான்கு பிளேட்டுகள் தேவைப்படும். வண்ணத்தில் அதுவே பதினாறு ஆகிவிடும். டிஜிட்டலில் பிளேட்டே கிடையாது என்பதால் முதல் பிரதிக்கும் இருநூறாவது பிரதிக்கும் ஒரே விலைதான். எனவே 300, 500, 1000 என்று மூன்று எண்ணிக்கைகளுக்கும் தனித்தனியே விலை எழுதி வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள்.

என் யோசனை 500. ஆனால் முன்பதிவில் 200 பேராவது பணம் கட்டிய பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். சிவகாசியிலிருந்து இன்றும் வரும் லயன், முத்து இதழ்களே சந்தாவையும் முன்பதிவையும் ஊன்றுகோலாக வைத்துத்தான் நடக்கின்றன.

கோட்டோவியத்தை 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். படம் பக்க ஓரம் வரை போகும் இடங்களில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். ராப்பரில் வரும் சிறிய எழுத்துகள் கறுப்பு ஒன்றில் மட்டும் இருக்கட்டும். நான்கு வண்ணமும் கலந்த கறுப்பாக இருந்தால் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் அடிக்கும். அச்சகம் அனுப்பும் மெய்ப்பைக் கைப்பேசியில் பார்த்துச் சம்மதம் சொல்லிவிடாதீர்கள்.

பதில் 2: கேத்தி ஓவியர்

பெரியவர் சொன்ன தாள் கணக்கு முழுவதும் சரி. 500 என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பட்டதைச் சொல்கிறேன்.

நானும் ஒரு தொடரைத் தொடங்கினேன். உங்களைப் போலவே அடக்கவிலையைப் பார்த்து மயங்கி முதல் இதழை 1000 பிரதிகள் அடித்தேன். முதல் இரண்டு மாதங்களில் நண்பர்கள், உறவினர்கள், முகநூலில் கேட்டவர்கள் என்று முந்நூற்றுச் சொச்சம் விற்றன. மீதியைப் பரணில் அடுக்கிவைத்தேன். ஜூனில் தொடங்கிய மழையும் மூடுபனியும் ஆகஸ்டு வரை விடவில்லை. கட்டுகளைப் பிரித்தபோது மேப்லித்தோ என்ற பூச்சில்லாத அச்சுத் தாள் ஈரத்தை உறிஞ்சி அலை அலையாக வளைந்திருந்தது. சுவரை ஒட்டியிருந்த கட்டுகளில் பூஞ்சை ஏறியிருந்தது. பின்கள் துருப்பிடித்துத் தாளின் நடுவே பழுப்புக் கறை இறங்கியிருந்தது. மலையில் புத்தகத்தைச் சேமித்து வைப்பதே ஒரு செலவு என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால் தரையிலும் சுவரிலும் படாமல் மரப்பலகை மேல் தகர டிரங்குப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அதைவிட நல்லது, கோவையில் உறவினர் வீடு இருந்தால் அங்கேயே வைப்பது.

அதைவிட வருத்தம் தந்தது வேறொன்று. முதல் இதழைக் கதை பாதியில் நிற்கும்படி முடித்திருந்தேன். பணம் முழுவதும் பரணில் கிடந்ததால் இரண்டாம் இதழை வரையவும் அச்சிடவும் ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அதற்குள் புத்தகத் திருவிழாவில் என் மேசைக்கு வந்த ஒரு பள்ளி மாணவி, "அக்கா, அடுத்தது எப்போது வரும்?" என்று இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்துக் கேட்டாள். மூன்றாம் ஆண்டு அவள் வரவில்லை. இரண்டாம் இதழ் கையில் இருந்தபோது அதை வாங்க அவள் இல்லை என்பது இன்றும் என் மனத்தில் இருக்கிறது.

ஆகவே என் கருத்து இது: மூன்று இதழ்கள் முழுவதும் வரைந்து முடியும் வரை முதல் இதழை வெளியிடாதீர்கள். ஒவ்வொரு இதழிலும் ஒரு சிறுகதையாவது தானாக முழுமை பெறட்டும். பெருங்கதை அதன் அடியில் ஓடட்டும். முதல் இதழை டிஜிட்டலில் 200 மட்டும் அடியுங்கள். அடக்கவிலை கூடும்தான். ஆனால் மீதிப் பணம் அடுத்த இரண்டு இதழ்களுக்குக் கையில் நிற்கும். கேட்பு வந்தால் அதே கோப்பிலிருந்து இன்னொரு நூறு அடித்துக்கொள்ளலாம். கடைகளில் கொடுத்தால் விலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கடைக்காரருக்குக் கழிவாகப் போகும் என்பதால், முதல் 200 பிரதிகளையும் நேரடியாகவே விற்கப் பாருங்கள். மே மாதத்தில் கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் நடக்கும்போது ஊருக்குள் வரும் கூட்டம் வேறு எப்போதும் வராது.

நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் அச்சகத்திலிருந்து வரும் ஒவ்வொரு பிரதிக்கும் பிளாஸ்டிக் உறை போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழுப்புக் காகிதத்தில் சுற்றி, இரு பக்கமும் அட்டை வைத்து அனுப்பினால் ஓரம் மடங்காமல் போய்ச் சேரும்.

பதில் 3: கூடலூர் டிடிபி

இணைத்த பக்கங்களைப் பார்த்தேன். ஓவியம் மிக நன்றாக இருக்கிறது; எழுத்துதான் அதைக் கீழே இழுக்கிறது. பேச்சுக் குமிழ்களை முதலில் வரைந்து மை போட்டுவிட்டு, வசனத்தைப் பிறகு அவற்றுக்குள் திணித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தமிழில் இப்படிச் செய்தால் கட்டாயம் இடிக்கும், ஏனென்றால் நம் வினைச்சொற்கள் நீளமானவை. "எச்சரித்துக்கொண்டிருந்தார்கள்" என்ற ஒரு சொல்லே ஒரு சிறிய குமிழின் அகலத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் இரண்டாம் பக்கத்தில் அத்தகைய சொல் நடுவில் முறிந்து அடுத்த வரிக்குப் போயிருக்கிறது. செய்தித்தாளில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். குமிழில் அது பேசுகிறவர் திக்குவதைப் போல ஒலிக்கிறது. பென்சில் நிலையிலேயே வசனத்தை எழுத்துருவில் அமைத்து, அதைச் சுற்றிக் குமிழ் வரையுங்கள். நீளும் இடங்களில் பேச்சு வழக்குக்கு மாறினால் சொல்லும் சுருங்கும், பாத்திரமும் உயிர் பெறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஒரு வாக்கியத்தை இரண்டு குமிழ்களாகப் பிரித்தால் நடந்தது என்ன என்பது இரண்டாவது குமிழில்தான் வாசகருக்குத் தெரியும். "அந்த மூன்றாவது சுரங்கத்துக்குள்ளே நம்ம பெட்டி..." என்று ஒரு கட்டத்தில் நிறுத்தி, அடுத்த கட்டத்தில் "நின்னுடுச்சு" என்று வைத்தால் அந்த இடைவெளியே கதையை இழுத்துச் செல்லும். உங்கள் வசனத்தில் அழுத்தம் வேண்டிய சொற்களையெல்லாம் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நமக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. "நான்தான் பிடிச்சேன்" என்பதில் அந்தத் "தான்" செய்யும் வேலையைத் தடித்த எழுத்து செய்யாது.

எழுத்துருவுக்குக் கூகுள் தொகுப்பில் கவிவனார், பாலூ தம்பி போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. விற்பனைக்கான புத்தகத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மேலே சுழியும் ஈகாரமும் கீழே இறங்கும் உகரமும் ஒன்றோடொன்று மோதாதபடி வரி இடைவெளியைச் சற்றுத் தாராளமாக விடுங்கள். யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய பாமினி வகை எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் பின்னாளில் மின்னூலாக்கும்போது எல்லாம் குப்பையாகிவிடும் என்பதால் யூனிகோடிலேயே தொடங்குங்கள். இன்டிசைன் மென்பொருளில் பக்கம் அமைப்பதானால் அதில் உள்ள வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற தெரிவைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். அச்சுக்கு அனுப்பும் பிடிஎஃப் கோப்பில் எழுத்துரு முழுவதும் பதிந்திருக்கிறதா என்று இன்னொருவர் கணினியில் திறந்து பாருங்கள்.

பதில் 4: வெலிங்டன் ரயில்வே ஓய்வூதியர்

கதையின் களத்தைக் கேட்டு மகிழ்ந்தேன். ஆனால் முதல் பக்கத்திலேயே ஒரு பெரிய பிழை இருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறும்போது எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டுதான் வரும். உங்கள் படத்தில் அது முன்னால் நின்று இழுக்கிறது. உங்கள் நாயகர் முகப்பில் நின்று பாதையைப் பார்க்க முடிவதே முன்னால் எஞ்சின் இல்லாததால்தான். மூன்றாம் பக்கத்தில் லவ்டேல் அருகே தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம், அதாவது எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏறும் சட்டம், வரைந்திருக்கிறீர்கள். பல்சட்டம் குன்னூரோடு முடிந்துவிடும். அது ஒற்றை வரிசையும் அல்ல. இரண்டு சட்டங்கள் அருகருகே, ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்துக்கு நேராக வரும்படி அமைந்திருக்கும். நம் மலையில் இந்தப் புத்தகத்தை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் ரயில்வேயில் இருந்திருப்பார். அவர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பதில் 5: உதகை வழக்கறிஞர்

அச்சுக்குப் போகும் முன் நீங்களும் உங்கள் அத்தை மகனும் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுங்கள். உறவுக்குள் எதற்கு என்று எண்ண வேண்டாம். உறவு கெடாமல் இருப்பதற்காகத்தான் இது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கதைக்கு நீங்களும் ஓவியத்துக்கு அவரும் உரிமையாளர்கள். ஒருவர் மற்றவருக்கு உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். கால அளவைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். தொடர் பாதியில் நின்றால் நாயகரின் உருவத்தை யார் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பதையும் அதில் எழுதுங்கள்.

நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியில் இலவசமாகவே தருகிறது. ஒவ்வோர் இதழுக்கும் தனி எண் வேண்டும். அச்சிட்ட நூலின் விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் வெளியிட்ட 30 நாள்களுக்குள் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்பதால் நான்கு பிரதிகளைத் தனியே எடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி கணக்கர்

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்றிரவு இருவரும் உட்கார்ந்து இந்தப் பதில்களைப் படித்தோம். எஞ்சின் பிழையைப் பார்த்து என் அத்தை மகன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனே முதல் பக்கத்தை முழுவதும் புதிதாக வரைவதாகச் சொன்னான். 32 பக்கங்களும் ராப்பர் உட்பக்கங்கள் இரண்டும் என்று பக்கங்களைப் பிரித்துவிட்டோம். ஆயிரம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். கேத்தி அக்கா சொன்னபடி மூன்றாம் இதழ் வரை வரைந்து முடித்து, அடுத்த ஆண்டு மே மாதக் கண்காட்சிக்கு முன் 200 பிரதிகள் அடிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அச்சக ஐயா கேட்ட மூன்று விலைகளையும் வாங்கி இங்கே பதிவிடுகிறேன். வெலிங்டன் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: பிரேக் ஊழியர்கள் ஒருவருக்கொருவர் பச்சை, சிவப்புக் கொடிகளைக் காட்டும் முறையை எங்களுக்குச் சொல்லித் தர இயலுமா?

பதில் 6: வெலிங்டன் ரயில்வே ஓய்வூதியர்

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை காலை குன்னூர் நிலையத்துக்கு இருவரும் வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி ஏறி வருவதை நேரிலேயே பார்த்துவிடலாம். வரையும் நோட்டையும் பென்சிலையும் தம்பி மறக்காமல் எடுத்து வரட்டும்.