மழை பெஞ்சா டார்ப் தொய்யுது, எந்தக் கயிறு, எந்த டென்ஷனர் வாங்கலாம்?

சாரல்காத்து
வணக்கம் மக்களே, பைக்ல போய் கேம்ப் போடுற ஆளு நான். மேல கூரையா கட்டுற 10க்கு 10 அடி சில்நைலான் (சிலிக்கான் பூசின நைலான்) டார்ப், 4 மிமீ பேராகார்ட் கயிறு, நாலு மூலைக்கும் பெக் (தரையில அடிக்கிற முளை), இதான் நம்ம செட்டப். ஐப்பசியில கொடைக்கானல் தாண்டி மன்னவனூர் பக்கம் ஒரு தனியார் தோட்டத்துல தங்கினோம், சாயங்காலம் விண்ணுனு இழுத்துக் கட்டினது ராத்திரி மழை பிடிச்சதும் தொளதொளனு ஆகி நடுவுல தண்ணி குளம் கட்டிருச்சு, எந்திரிச்சு திரும்ப கட்டலாம்னா குளிர்ல விரலு விறைச்சுப்போய் நனைஞ்ச முடிச்ச அவுக்கவே முடியல. ஆன்லைன்ல பார்த்தா முக்கோண பிளாஸ்டிக், அலுமினியம், லைன்லாக்குனு கயிற இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் என்னென்னவோ இருக்கு, டைனீமானு ஒரு கயிறு வேற சொல்றாங்க, விலையும் ஜாஸ்தி. டென்ஷனர் மட்டும் மாத்தினா போதுமா இல்ல கயிறையே மாத்தணுமா? ஹார்டுவேர் கடையில விக்கிற மஞ்ச நைலான் கயிறு ஆகுமா?

நூலேணி
ப்ரோ முதல்ல கயிற மாத்துங்க, டென்ஷனர் அப்புறம். பேராகார்ட் நைலான், நைலான் தண்ணிய உறிஞ்சி நீளும், போதாக்குறைக்கு உங்க துணியும் நைலான், அதுவும் நனைஞ்சா நீளும், ரெண்டும் சேர்ந்தா தொய்யாம என்ன செய்யும். பாலியெஸ்டர் கயிறு அந்தளவு நீளாது, வெயிலும் நல்லா தாங்கும், விலையும் கட்டுபடியாகும், டார்ப்புக்கு என் ஓட்டு அதுக்குத்தான்.

டைனீமா இன்னும் நீளாது, எடையும் கம்மி, தண்ணிய உறிஞ்சவே உறிஞ்சாது, ஆனா மேல உறை இல்லாத டைனீமா வழுவழுனு இருக்கும், சாதாரண முடிச்சு போட்டா நழுவிட்டே வரும். 150 டிகிரி பக்கத்துலயே உருகிரும், அதனால கேம்ப்ஃபயர் பக்கம் கொண்டுபோகாதீங்க. உள்ள டைனீமா மேல பாலியெஸ்டர் உறைனு 2 மிமீல வருது பாருங்க, அது முடிச்சும் பிடிக்கும் டென்ஷனர்லயும் நிக்கும்.

மஞ்ச கயிறு விஷயம். கடைக்காரர் நைலான்னுதான் சொல்லுவார், ஆனா அப்படி விக்கிறதுல நிறைய நைலானே இல்ல, பாலிப்ரொப்பிலீன்னு வேற பிளாஸ்டிக் வகையறா. ஒரு துண்டு வெட்டி பக்கெட் தண்ணியில போட்டு நல்லா அமுக்கி காத்துக் குமிழ் போகவிட்டு விடுங்க. மிதந்தா அது நைலான் இல்ல, நைலானும் பாலியெஸ்டரும் முங்கிரும். மிதக்குற அந்தக் கயிறு நனைஞ்சாலும் நீளாதுங்கிறது உண்மைதான், ஆனா விறைப்பா இருக்கும், முடிச்சு தானா அவுந்துக்கும், வெயில்ல கிடந்தா மேல பொடிப்பொடியா உதிர ஆரம்பிக்கும். ஒரு ராத்திரிக்கு ஓகே, வருஷக்கணக்கா வச்சுக்க வேணாம்.

லோடுகட்டி
டென்ஷனரே எதுக்கு தம்பி? லாரிக்காரங்க லோடு கட்டுறப்ப கயிறுல ஒரு கண்ணு (வளையம்) போட்டு அதுக்குள்ள விட்டு இழுப்பாங்க பாத்திருப்பீங்க, மரத்துக்கு மரம் போற மேல் கயிறுக்கு அதத் தாண்டி ஒண்ணும் வேணாம், கடைசி முடிச்ச மட்டும் சுருக்கு முடிச்சா போட்டு வால (கயிறு நுனிய) தொங்க விட்டுருங்க, எவ்ளோ நனைஞ்சாலும் வால இழுத்தா அவுந்துரும். மூலைக் கயிறுக்கு டாட்லைன் ஹிட்ச்னு நகர்த்திக்கிற முடிச்சு, முடிச்ச மேல தள்ளினா இறுகும் கீழ தள்ளினா தளரும். உடைஞ்சு போக ஒண்ணுமே இல்ல. வீட்டு ஜன்னல் கம்பியில கண்ண மூடிட்டு கட்டிப் பழகுங்க.

குறிஞ்சிமேடு
அண்ணா சொல்றது சரிதான், ஆனா கொட்டுற மழையில கைவிரல் மரத்துப்போன நேரத்துல முடிச்ச தடவித் தடவித் தள்றது வேற கதை. கொழுக்குமலை காத்துல டார்ப் படபடனு அடிச்சா டாட்லைன் கொஞ்சங்கொஞ்சமா நகரவும் செய்யும், மெல்லிசு கயிறுல சொல்லவே வேணாம். நான் மேல் கயிறுக்கு முடிச்சு, மூலைக்கு லைன்லாக்னு (கயிற பல்லால பிடிக்கிற பிளாஸ்டிக் கொக்கி) பிரிச்சு வச்சிருக்கேன். லைன்லாக்க டார்ப் மூலையிலயே மாட்டிட்டா டார்ப்புக்குக் கீழ நனையாம நின்னுட்டே வால இழுத்து இறுக்கிக்கலாம், பெக் வரைக்கும் ஓட வேண்டியதில்ல, எனக்கு அந்த ஒரு வசதிக்கே காசு தகும்.

ஆனா வாங்கறப்ப கயிறு தடிமன் பாத்து வாங்குங்க சாரல்காத்து. பெரிய லைன்லாக் 3 மிமீ கயிறுக்கு ஆனது, அதுல 1.5 மிமீ கயிற விட்டா பல்லு பிடிக்காது, வழுக்கும், மெல்லிசுக்குன்னு சின்ன சைஸ் தனியா இருக்கு. அவசரத்துக்கு லைன்லாக் பின்னாடி வாலுல ஒரு சுருக்கு போட்டா நின்னுக்கும். உங்க 4 மிமீ பேராகார்ட் அதுல நுழையவே அடம் பிடிக்கும். ரொம்ப மெல்லிசும் வேணாம், இழுக்கும்போது உள்ளங்கைய அறுக்கும், இருட்டுல கண்ணுக்கும் தெரியாது, ஒளிர் நூல் பின்னின 2 மிமீ எனக்குப் பிடிச்ச அளவு.

இன்னொண்ணு, காத்துப் பக்கம் இருக்குற ரெண்டு மூலையில பெக்குக்கும் கயிறுக்கும் நடுவுல ஒரு ஜாண் எலாஸ்டிக் கயிறு போடுங்க. துணி நீளும்போது அது சுருங்கி தொய்வ எடுத்துரும், பலமா காத்தடிச்சா டார்ப் தையல் கிழியாம அதுவே வாங்கிக்கும்.

சாரல்காத்து
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா, எல்லாருக்கும். பக்கெட்ல போட்டுப் பாத்தேன், மஞ்ச கயிறு மிதக்குது! அப்போ மூலைக்கு பாலியெஸ்டர் உறை போட்ட 2 மிமீ டைனீமா கயிறு, சின்ன லைன்லாக் நாலு. மேல் கயிறுக்கு அதே 2 மிமீ போதுமா? நல்லா நேரா தொய்வே இல்லாம இழுத்துக் கட்டலாம்ல?

நூலேணி
மேல் கயிறு 3 மிமீ போடுங்க, நேரா இழுக்கறதுல ஒரு விஷயம் இருக்கு. நடுவுல 10 லிட்டர் தண்ணி தேங்குச்சுனு வைங்க, அது 10 கிலோ. கயிறு ரெண்டு பக்கமும் 30 டிகிரி சாய்வுல இருந்தா ஒவ்வொரு பக்கமும் 10 கிலோ இழுவைதான். அதே 5 டிகிரிதான் சாய்வுன்னா பக்கத்துக்கு 57 கிலோ ஆயிரும். முடிச்சு போட்ட இடத்துல கயிறோட பலம் பாதி வரைக்கும் குறையலாம், அதையும் கணக்குல சேத்துக்கோங்க. அதனால தண்ணியே தேங்காத மாதிரி ஒரு மூலைய நல்லா தாழ்த்திக் கட்டுங்க, ஒரே பக்கமா வழிஞ்சு போகட்டும்.

டார்ப்ப மேல் கயிறுல 2 மிமீ கயிறு வளையத்தால புரூசிக் முடிச்சு (பெரிய கயிற சுத்தி இறுக்கிப் பிடிக்கிற முடிச்சு) போட்டு ரெண்டு பக்கமும் மாட்டுங்க, கையால தள்ளி வேணுங்கிற இடத்துல நிறுத்திக்கலாம், மேல் கயிறோட இழுவை துணிக்குப் போகாது.

லோடுகட்டி
மரத்துல கட்டுற இடத்துல பழைய பை பட்டை ஏதாவது சுத்திட்டு அதுமேல கயிறு போடுங்க தம்பி, மெல்லிசு கயிறு மரப்பட்டைய அறுத்துரும், தோட்டக்காரர் அடுத்த தடவை இடம் தர மாட்டார்.